கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளின் ஆர்டர்களைக் கணக்கு வைக்கும் செயலியை லினக்ஸ் கிளவுட் சர்வருக்கு மாற்றினோம். சேலத்தில் என் லேப்டாப்பில் நன்றாக ஓடியது, அங்கே ஏற்றியதும் டேட்டாபேஸோடு இணையவே இல்லை.

ஃபயர்வாலைப் பார்த்தேன், டேட்டாபேஸுக்கான 5432 போர்ட் திறந்துதான் இருந்தது. பாஸ்வேர்டை மாற்றியும் பயனில்லை. ஆனால் அதே விவரங்களைச் சர்வரில் கையால் தட்டினால் உடனே இணைந்தது! அங்கேதான் குழம்பினேன்.

துப்பு செயலியின் பதிவான லாக்கிலேயே இருந்தது. டெர்மினலில் அந்தப் பிழை வரி ஒரு மேற்கோள் குறியோடு தொடங்கியது; ஹோஸ்ட் பெயரின், அதாவது டேட்டாபேஸ் இருக்கும் சர்வர் பெயரின், முன்பாதியைக் காணோம். பாதி வரியில் கர்சர் இடதுகோடிக்குத் திரும்பி, எழுதியதன் மேலேயே எழுதியிருக்கிறது. அப்படிச் செய்வது கேரேஜ் ரிட்டர்ன், அதாவது ஆஸ்கி குறியீட்டில் 13 என்ற எண் கொண்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்து.

ஹோஸ்ட் பெயர் போன்ற அமைப்புகளை வைத்திருக்கும் என்வ் கோப்பை, மறைந்த எழுத்துகளையும் காட்டும்படி 'கேட்' கட்டளையில் பெரிய 'ஏ' விருப்பம் சேர்த்துத் திறந்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் '^எம்$'. '^எம்' என்பதுதான் அந்த 13, '$' வரியின் முடிவு. விண்டோஸில் சேமித்த கோப்பு அது. விண்டோஸ் வரியை 13, 10 என இரண்டு எழுத்துகளால் முடிக்கும், லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். எங்கள் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பை 'சோர்ஸ்' செய்தபோது, அதாவது அதன் மதிப்புகளை ஏற்றியபோது, அந்த 13 ஹோஸ்ட் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வரி முடிவுகளை லினக்ஸ் முறைக்கு மாற்றும் டாஸ்2யுனிக்ஸ் கருவியை ஓட்டி, செயலியை மறுபடி தொடங்கினேன், இணைந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. மறுபடி வராமலிருக்க, எங்கள் நிரல்களைச் சேமிக்கும் கிட்டில் உள்ள மாதிரி என்வ் கோப்புக்கு, வரிகள் 10-இல் மட்டும் முடியவேண்டும் என்ற 'இஓஎல்=எல்எஃப்' விதியை கிட்அட்ரிப்யூட்ஸ் கோப்பில் போட்டுவிட்டேன்.

இதே பிழையைத் தேடுபவர்களுக்கு இன்னொன்று: கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமல் சேமித்திருந்தால் அங்கே 13 இருக்காது, அந்த வரியின் மதிப்பு மட்டும் சரியாகவே வேலை செய்யும்.