தொடக்கப் பள்ளியில் பெற்றோரோடு ஒரு கற்றல் வாரம்: திட்டமிடும் முறை

கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஒரு வாரம் முழுவதும் பெற்றோரைக் கற்றலில் பங்கேற்கச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள், காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அமையும் வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்நாள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவதால், பள்ளி அன்று விழாவுக்கு ஆயத்தமாகவே இருக்கும். நவம்பர் 14ஐ ஒட்டி நடத்தலாமே என்று தோன்றலாம். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், மழை விடுமுறை வந்தால் வாரம் முழுவதும் குலைந்துவிடும். மேலும், பெற்றோரிடம் ஜூலையில் பேசினால்தான் அதன்படி நடக்க ஆண்டின் பெரும்பகுதி மிச்சமிருக்கும். ஆடி மாதம் பிறக்கும் வாரமும் அதுவே என்பதால், ஊர்க் கோயிலில் காப்புக் கட்டும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த நேரத்தில் அழைப்பது என்பதைத் தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்யக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்த பிறகு, முதல் மணி அடிக்கும் முன்பே குழந்தைகள் பள்ளியில் இருக்கிறார்கள். குழந்தையைக் கொண்டுவந்து விடுபவர் உடனே திரும்பிவிடாமல் அரை மணி நேரம் வகுப்பில் அமர்ந்து செல்லும்படி நிகழ்ச்சியை அமைத்தால், யாருக்கும் ஒரு நாள் கூலி போகாது. அழைப்பைக் குழந்தையே தன் கையால் எழுதட்டும். அதில் ‘பெற்றோர்’ என்று மட்டும் குறிப்பிடாமல், ‘வீட்டிலிருந்து ஒருவர்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். தாயும் தந்தையும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, அப்பத்தாவிடம் வளரும் குழந்தை எந்த ஊரிலும் இருக்கும்.

திங்கட்கிழமையை வாசிப்புக்கு ஒதுக்கலாம். குழந்தை வாசிக்க, வீட்டார் அருகில் அமர்ந்து கேட்பது போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கதையின் அடுத்த பகுதி என்னவாக இருக்கும் என்று கேட்டு வாசிப்பை வளர்க்க முடியும். வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து கற்றுத் தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். அந்தப் பெயர்களை அன்று வீட்டார் முன் சொல்லவே கூடாது. அவை கற்பிக்கும் வசதிக்கானவை. ஊராரிடம் போனால் தரவரிசையாகிவிடும்.

கணக்குக்கான நாள்தான் வாரத்தின் உயிர் என்பது என் கருத்து. பெற்றோரின் தொழிலே அங்கு பாடமாகிறது. பூக்கட்டும் தாய் ஒருவர் தம் கையால் ஒரு முழம் அளந்து காட்டட்டும். அதே சரத்தை மூன்றாம் வகுப்புக் குழந்தை தன் கையால் அளந்தால் ஒரு முழத்துக்கும் மேல் வரும். ஏன் என்று குழந்தைகளே பேசி முடித்த பிறகு அளவுகோலைக் கொடுத்தால், சென்டிமீட்டர் எதற்காகத் தேவைப்பட்டது என்பது விளக்காமலே புரியும். கொத்தனார் ரசமட்டத்தோடும் தூக்குக்குண்டோடும் வந்து வகுப்பறைச் சுவரைச் சோதித்துக் காட்டலாம். தையல் வேலை செய்பவர் குழந்தைகளுக்கு அளவெடுத்துக் குறிக்கக் கற்றுத் தரலாம். தம் தொழிலைப் பற்றி ஆசிரியர் மரியாதையோடு கேள்வி கேட்பதைக் காணும் தந்தை, அடுத்த முறை அழைக்காமலே வருவார்.

புதன்கிழமை வழக்கமான பாடமே நடக்கட்டும். குழந்தைகளுக்கும் ஓய்வு வேண்டும். வியாழனன்று தாத்தா பாட்டிகளின் விடுகதையும் பல்லாங்குழியும் போதும். மாறுவேடப் போட்டி வேண்டாம், அது வீட்டுக்குச் செலவு வைக்கும்.

தனித்தனிச் சந்திப்புக்கு வெள்ளி ஒரு நாள் போதாது. முப்பது குழந்தைகள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே ஐந்து மணி நேரம் ஆகும். எனவே செவ்வாய் முதலே மாலையில் பள்ளி விடும் நேரத்தில் நாளுக்கு ஏழெட்டுப் பேரைச் சந்திக்க வேண்டும். குழந்தையின் நோட்டைத் திறந்து வைத்து, அது தானாகச் செய்யும் ஒன்றை முதலில் காட்டி, வீட்டில் என்ன பேசுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குறைகளை அடுக்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒரு வேலையை மட்டும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாம்: இரவு உணவுக்குப் பின் ஐந்து நிமிட வாசிப்பு என்பதுபோல.

வராதவர்களின் வீட்டுக்கு மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோடு ஆசிரியர் அடுத்த வாரம் சென்று வர வேண்டும். சந்திப்புகளில் பலர் திரும்பத் திரும்பச் சொன்ன கழிப்பறை, குடிநீர் போன்ற குறைகளைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கலாம். அந்தத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பைச் சட்டமே அக்குழுவிடம் கொடுத்திருக்கிறது.