பிந்திய பால் சிவப்பில் தெரிய

கிளிநொச்சிப் பக்கம் பால் சேகரிப்புக் கணக்கை எக்செல்லில் பதிகிறவர்களுக்கு இது மிகவும் உதவும். வெயில் ஏறிய பின் வந்த பாலை உடனே கண்டுகொள்ள வேண்டுமல்லவா? நேரம் பதிந்த கலங்களைத் தெரிவுசெய்து, கண்டிஷனல் ஃபார்மாட்டிங்கில் (நிபந்தனைக்கு ஏற்பக் கலத்துக்கு நிறம் கொடுக்கும் வசதி) ‘கிரேட்டர் தான்’ (Greater Than, இதைவிடக் கூடியது) விதியைத் திறந்து 8:30 என்று கொடுங்கள். அதற்குப் பிந்தியவை சிவக்கும்.

நம்மவர்கள் நேரத்தை 7.10 என்று புள்ளி வைத்தே எழுதுவார்கள். இங்கே அது கூடவே கூடாது, முக்காற்புள்ளிதான் வேண்டும். எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்பது 1. காலை ஆறு மணி 0.25, நண்பகல் 0.5. ஆகவே 7.10 அதன் கணக்கில் ஏழு நாளுக்கும் மேல்! நேரத்தோடு வந்த நல்ல பாலும் சிவந்துவிடும். திகதியையும் நேரத்தையும் ஒரே கலத்தில் எழுதினாலும் இதே கதிதான். திகதிக்குத் தனி நிரல் ஒதுக்குங்கள்.