எல்லாளன் பாடத்தை வகுப்பில் நடத்துவது எப்படி?

இலங்கைப் பாடசாலைகளில், அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனைச் சிங்கள அரசன் துட்டகைமுனு போரில் வென்ற பாடம் வந்ததும் ஒரு பிள்ளைக்கு அது நாட்டை மீட்ட கதையாகவும், இன்னொரு பிள்ளைக்குத் தன் அரசன் தோற்ற கதையாகவும் ஆகிவிடுகிறது. இந்தப் பிளவோடு பாடம் முடிந்துவிடாதிருக்க, பாடநூலின் சுருக்கத்தோடு நில்லாமல், இலங்கையின் பழைய வரலாற்றுக் காவியமான மகாவம்சத்தின் மொழிபெயர்ப்பிலிருந்து 21ஆம், 25ஆம் அத்தியாயங்களைப் படியெடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

வாசிப்பதற்கு முன் கரும்பலகையில் ஒரு காலக்கோடு வரையுங்கள். போர் நடந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில்; அதைப் பாளியில் பாடிய பௌத்த பிக்கு வாழ்ந்தது ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் யாருக்காக எழுதினார் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு வாசிப்புக்குச் செல்லுங்கள்.

சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான், நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்று அந்த நூலே சொல்கிறது. ஆராய்ச்சி மணியும், தேர்க்காலில் இறந்த கன்றும், அதற்காகத் தன் மகனையே பலியிட்ட அரசனும் அதில் வருகிறார்கள். "இது திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையல்லவா?" என்று ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அங்கே அவசரப்படாதீர்கள்; யார் கதை முந்தியது என்ற வாதத்தைவிட, ஒரே கதையை இரு மரபுகளும் போற்றி வைத்திருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வதுதான் முக்கியம்.

துட்டகைமுனு ஈட்டியில் புத்தரின் தாதுவை (புனித உடல் எச்சத்தை) பதித்துப் போருக்குப் போனதை மறைக்க வேண்டாம். வீழ்ந்த எல்லாளனுக்கு அவனே நினைவுச்சின்னம் எழுப்பி வழிபாடு செய்வித்ததையும், பின்வந்த அரசர்கள் அவ்விடத்தில் வாத்தியங்களை நிறுத்தியதையும் சேர்த்தே வாசியுங்கள். எல்லாளனைத் தமிழ்த் தேசிய வீரனாக மட்டும் காட்டுவதும் ஒரு பக்கத்தை மறைக்கும் அதே தவறுதான் என்பதைத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அடுத்து, நூலுக்கு வெளியே கல்லில் உள்ள சான்றுகள். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தாரின் மண்டபத்தைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டு பிராகிருதத்தில் உள்ளது. அதில் பெயர் பெற்றவர்களுள் ஒருவர் கப்பல் தலைவர். பொலன்னறுவையிலோ, புத்தரின் தந்ததாதுக் (புனிதப் பல்) கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையினர் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டே கூறுகிறது.

எழுத்துவேலைக்கு 23ஆம் அத்தியாயத்திலிருந்து ஒரே கேள்வி போதும்: துட்டகைமுனுவின் வீரன் நந்திமித்திரன், எல்லாளனின் சேனாதிபதி மித்தனின் சகோதரி மகன்; அப்படியானால் இந்தப் போரில் அணிகள் எப்படிப் பிரிந்தன? பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாராமல், எந்த வரியைச் சான்றாகக் காட்டியது என்று பார்த்துப் புள்ளியிடுங்கள்.