ஆயில் வெளுத்ததும் ஹெட்டைக் கழற்றாதீர்கள்

குன்னூரில் பைக் வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரிக் குளிரில் "அண்ணே, ஆயில் மூடி அடியில வெள்ளையாப் படிஞ்சிருக்கு, கேஸ்கட் போயிடுச்சா?" என்று பதறி வருவார்கள். இன்ஜின் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கட். பெரும்பாலும் அது போயிருக்காது. பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. உள்ளே வேர்க்கும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் படிகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டே இல்லாத, காற்றில் ஆறும் ஏர் கூல்டு வண்டியிலும் இது வரும்.

முதலில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். கூலன்ட் டப்பாவில் மட்டம் இறங்கியிருக்கிறதா? இன்ஜினில் ஆயில் மட்டம் காட்டும் கண்ணாடியில் மட்டம் ஏறியிருக்கிறதா, நிறம் பால் டீ போல இருக்கிறதா? இரண்டும் சரியாக இருந்தால் மூடியைத் துடைத்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கி ஏறி வாருங்கள். ஈரம் ஆவியாகிவிடும்.

கூலன்ட் குறைந்து ஆயில் ஏறியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது, கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருளையும் கெடுக்கும். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் கனமானது, அடியில் தங்கும். ஆயிலுக்கு முன்னால் பச்சையோ நீலமோ சிவப்போ சொட்டினால் கேள்விக்கே இடமில்லை. முழுக்கக் குழம்பிப்போன ஆயில் அப்படிப் பிரியாது, அதனால் சொட்டவில்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

எங்கிருந்து வருகிறது? எல்லாரும் ஹெட் கேஸ்கட்டைச் சொல்வார்கள். நான் முதலில் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பைத்தான் பார்ப்பேன். பம்ப் ஷாஃப்ட்டில் இரண்டு சீல்கள்: கூலன்ட் பக்கம் மெக்கானிக்கல் சீல், ஆயில் பக்கம் ஆயில் சீல். இரண்டுக்கும் நடுவில் வெளியே திறக்கும் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் கூலன்ட் ஒழுகினால் மெக்கானிக்கல் சீல் போயிருக்கிறது, ஆயில் ஒழுகினால் ஆயில் சீல். நம் மலைச் சேறு அந்தத் துளையை அடைத்துவிட்டால் கூலன்ட்டுக்கு வெளியே வழியில்லை, ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போய்விடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. துளையை மெல்லிய கம்பியால் மேலாகச் சுத்தம் செய்யுங்கள், ஆழமாகக் குத்தினால் சீல் கிழியும். பல வண்டிகளில் பம்ப் கிளட்ச் கவரில்தான் இருக்கிறது. ஹெட்டைத் தொடாமலே சீல்களை மாற்றிவிடலாம், செலவும் பல மடங்கு குறைவு. ஷாஃப்ட்டில் விரல் நகம் தட்டும் அளவுக்குத் தேய்மானம் இருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது சீல் நிற்காது.

பம்ப் சுத்தமாக இருந்தால்தான் கேஸ்கட். பிஸ்டனை கம்ப்ரஷன் டி.டி.சி.யில், அதாவது வால்வுகள் மூடியிருக்க மேல் உச்சியில், நிறுத்தி, கியர் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டு, பிளக் துளை வழியே காற்று கொடுங்கள். ஆறிய ரேடியேட்டரில் மூடி திறந்திருக்க, குமிழி வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. குமிழி வராததால் மட்டும் கேஸ்கட்டை விட்டுவிடாதீர்கள். கூலன்ட் வழிக்கும் டைமிங் செயின் அறைக்கும் நடுவில் அது கசிந்தால் சிலிண்டருக்குள் எதுவும் தெரியாது. அதற்கு ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு மட்டும், பெரும்பாலும் 1.1 பார், ஏற்றி முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் விலை குறைந்த ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி வடித்து, ஃபில்டரோடு நல்ல ஆயில் போடுங்கள். 200 கிலோமீட்டரில் மறுபடி கண்ணாடியைப் பாருங்கள். லேசாக வெளுத்திருந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள்.