லவ்பேர்ட்ஸ் இறகு உதிர்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

காலையில் கூண்டின் அடித்தட்டை இழுக்கிறீர்கள். பஞ்சுத் துணுக்குகள் போல் குட்டிக்குட்டி இறகுகள், நடுவே நீளமாக ஒரு சிறகிறகு. முதன்முறை பார்ப்பவருக்குப் பகீரென்றுதான் இருக்கும். அந்தப் பதற்றத்தில் தண்ணீரில் விட்டமின் சொட்டு கலப்போம், பேன் மருந்து அடிப்போம், தீனியை மாற்றுவோம், பாவம் என்று கையிலெடுத்துத் தடவிக்கொண்டே இருப்போம். எல்லாமே அக்கறையில் செய்வதுதான். ஆனால் இவற்றில் பாதி தேவையற்றது, மீதி பறவைக்குக் கேடு.

இறகு, நம் நகத்தைப் போல, கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வளர்ந்து முடிந்த இறகில் உயிர் கிடையாது. தேய்ந்தாலும் முறிந்தாலும் தன்னைச் சரிசெய்துகொள்ள அதற்கு வழியில்லை. அதனால்தான் பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை முளைக்கவைக்கிறது பறவையின் உடல். லவ்பேர்ட்ஸ் குஞ்சுக்கு முதல் உதிர்வு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாத வயதுக்குள் வரும். மங்கலாக இருந்த முகத்தில் நிறம் ஏறுவது அப்போதுதான். அதன்பின் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பெரிய உதிர்வு இருக்கும். பகல் வெளிச்சத்தின் நீளம், வெப்பநிலை, இனப்பெருக்கக் காலம் முடிவது ஆகியவை அதைத் தூண்டிவிடுகின்றன. மின்விளக்கு வெளிச்சத்தில் வாழும் வீட்டுப் பறவைக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பிவிடும். அதனால் ஆண்டு முழுவதும் அங்கொன்று இங்கொன்றாக உதிர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இடையில் ஒரு பெயர்க் குழப்பம். நீள வாலும் தலையில் வரிக்கோடுகளும் கொண்ட பட்ஜியையும் நாம் பல நேரம் லவ்பேர்ட்ஸ் என்றே கூப்பிடுகிறோம். நான் சொல்வது குட்டை வாலும் தடித்த அலகும் கொண்ட, ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அகபோர்னிஸ் இனத்தை. இங்கே சொல்வதில் பெரும்பகுதி பட்ஜிக்கும் பொருந்தும்.

உதிர்ந்ததை எண்ணுவது

எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. தட்டில் எத்தனை இறகு கிடக்கிறது என்பது பெரிதாக எதையும் சொல்லாது. பறவையின் உடலைப் பாருங்கள். இயல்பான உதிர்வில் தோல் வெளியே தெரியாது. இறக்கையில் இடப்பக்கம் ஒன்று விழுந்தால் வலப்பக்கம் அதே இடத்தில் இன்னொன்று விழும், பறக்கும் சமநிலை கெடாமல் இருக்க. தலையும் கழுத்தும் கலைந்துபோய், முள் குத்தியதுபோல் புது இறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அவலட்சணமாக இருந்தாலும் வழுக்கை விழாது.

வழுக்கை விழுந்தால் அதை இறகு உதிர்வு என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. நெஞ்சும் தொடையும் மொட்டையாகி, தலை மட்டும் அழகாக இருந்தால் பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது என்று கிட்டத்தட்ட முடிவுக்கு வந்துவிடலாம், ஏனெனில் அதன் அலகு எட்டாத ஒரே இடம் தலை. தலை மொட்டையானால் ஜோடிப் பறவை பிடுங்குகிறதா என்று கவனியுங்கள். குஞ்சின் முதுகில் இறகு இல்லையென்றால் பெற்றோரே பிடுங்கியிருக்கலாம், லவ்பேர்ட்ஸில் அது நடக்கும்.

இன்னும் கவலைப்பட வேண்டியது, புதிதாக முளைக்கும் இறகே கோணலாக, சுருண்டு, குட்டையாக, உறை கழலாமல் வருவது. பி.பி.எஃப்.டி என்று சுருக்கிச் சொல்லும் அலகு-இறகு நோய் இப்படித் தலைகாட்டும். சர்க்கோவைரஸ் வகைக் கிருமி இதற்குக் காரணம். எச்சம் வழியாகவும் இறகுத் தூசு வழியாகவும் பரவும். வெளியே அறிகுறி எதுவும் காட்டாமலே கிருமியைச் சுமக்கும் லவ்பேர்ட்ஸும் உண்டு. ரத்தத்திலோ இறகிலோ பி.சி.ஆர் சோதனை செய்துதான் உறுதிசெய்ய வேண்டும். “சீசன் உதிர்வு, சரியாகிவிடும்” என்று மாதக்கணக்கில் காத்திருப்பது இங்கே ஆபத்து, அதுவும் கூண்டில் மற்ற பறவைகள் இருந்தால்.

ஒரு வேடிக்கை. பீச் நிற முகம் கொண்ட வகையில் பெண் பறவை காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து இடுப்பு இறகுகளுக்குள் செருகிக்கொண்டு திரியும். அதைப் பார்த்து, இறகு பிய்ந்து தொங்குகிறது என்று பதறிப்போனவர்கள் உண்டு. அது கூடு கட்டச் சாமான் சுமக்கிறது, அவ்வளவுதான்.

முள்ளிறகில் கை வைப்பது

பின் ஃபெதர் என்று பலர் சொல்லும் அந்த முள்ளிறகு, வெளியே வெண்மையான உறைக்குள் சுருண்டு கிடக்கும் புது இறகு. வளரும்வரை அதன் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அடிப்பகுதி கருஞ்சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும். இந்தக் கட்டத்தில் தொட்டால் வலிக்கும். கொஞ்சிக் குலாவிய பறவை திடீரென்று கடிக்க வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், உங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை.

நானும் இந்தத் தவறைச் செய்தவன். தலையில் வெள்ளை உறைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து, நகத்தால் ஒவ்வொன்றாக நசுக்கிக் கழற்றப் போனேன். மூன்றாவதில் பறவை வீறிட்டுக் கத்தியது. பிறகு இரண்டு நாள் என் கைக்கு வரவே இல்லை. ரத்தம் வற்றி, உறை அடிவரை வெள்ளையாகக் காய்ந்து, தொட்டாலே பொடியும் பக்குவம் வந்தபின் மட்டும் விரல் நுனியால் லேசாக உருட்டிவிடலாம். அதுவும் தலையிலும் கழுத்திலும் மட்டும், பறவை தானாகத் தலையைக் குனிந்து காட்டினால் மட்டும். ஜோடி இருந்தால் அந்த வேலையை ஜோடியே பார்த்துக்கொள்ளும், ஒன்றுக்கொன்று கோதிவிடுவது அவற்றுக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

உறை பொடிந்து விழும் வெள்ளைத் துகளைப் பொடுகு என்றும் பூஞ்சை என்றும் பேன் என்றும் நினைத்து மருந்து வாங்க ஓடுபவர்கள் ஏராளம். தயவுசெய்து வேண்டாம். கூண்டில் தொங்கவிடும் பேன்விரட்டி வில்லைகள் சிலவற்றில் அந்துருண்டையின் வாடை வரும் ரசாயனங்கள் இருக்கும். அவை பறவையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. உண்மையில் பேனோ உண்ணியோ இருந்தால் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

முள்ளிறகு முறிந்தால் ரத்தம் வரும். லவ்பேர்ட்ஸின் எடை ஏறக்குறைய 40 முதல் 60 கிராம். 50 கிராம் பறவையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன். ஆகவே பத்துப் பன்னிரண்டு சொட்டு என்பது அதற்குச் சின்ன விஷயமல்ல. பறவையை ஒரு துணியில் மெல்லப் பிடித்து, முறிந்த இடத்தில் சோளமாவு (கார்ன்ஃப்ளவர்) வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்துங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது, மூச்சு நின்றுவிடும். பத்து நிமிடத்தில் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் கிளம்புங்கள். இறகை நீங்களே பிடுங்கிப் பார்க்க வேண்டாம், ரத்தப்போக்கு அதிகமாகக்கூடும். இதே காரணத்தால் உதிர்வுக் காலத்தில் சிறகு வெட்டுவதும் கூடாது. ரத்தம் ஓடும் தண்டில் கத்தரி பட்டுவிடும். பக்கத்து இறகுகள் வெட்டுப்பட்டுக் கிடந்தால், முளைத்து வரும் புது இறகுக்கு அணை இல்லாமல் அதுவும் முறியும்.

வெறும் விதை, அல்லது அளவுக்கு மீறிய சத்து

இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் புரதம். ஒரு முழுச் சட்டையையே புதிதாக நெய்கிற உடலுக்கு மெத்தியோனின், சிஸ்டைன் போன்ற கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் கூடுதலாக வேண்டும். தினையும் சூரியகாந்தி விதையுமே தீனி என்றால் அது கிடைக்காது. விட்டமின் ஏ-யும் கால்சியமும்கூடப் போதாது, கொழுப்புதான் ஏறும். உதிர்ந்த ஒரு நீள இறகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடினால், அந்த இறகு வளர்ந்த நாட்களில் பறவைக்குச் சத்துக்குறைவோ மன அழுத்தமோ இருந்திருக்கிறது என்று பொருள்.

வேகவைத்த முட்டை கட்டைவிரல் நகத்தளவு, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும். ஓரிரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். முளைகட்டிய பயறு, கேரட், பூசணி, அடர்பச்சைக் கீரை எல்லாம் நல்லவை. வெண்ணெய்ப்பழமும் சாக்லேட்டும் எந்தக் காலத்திலும் கூடாது, இரண்டும் நஞ்சு. விதையிலிருந்து பெல்லட் என்ற ஆலைத் தயாரிப்புக் குருணைத் தீனிக்கு மாற்ற நினைத்திருந்தால் உதிர்வு முடியும்வரை தள்ளிப்போடுங்கள். புதியதைத் தீனி என்றே அடையாளம் தெரியாமல் பட்டினி கிடக்கும் பறவைகள் உண்டு.

தண்ணீரில் கலக்கும் விட்டமின் சொட்டில் எனக்கு நம்பிக்கையில்லை. சுவை மாறினால் பறவை குடிப்பதைக் குறைக்கும். தண்ணீரும் சீக்கிரம் கெட்டுக் கிருமி சேரும். ஏற்கெனவே பெல்லட் சாப்பிடும் பறவைக்குக் கூடுதலாகக் கொடுத்தால் விட்டமின் ஏ-யும் டி-யும் உடலில் தேங்கிக் கேடு செய்யும்.

தூக்கத்தைக் கெடுப்பது

கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, மூலையில் கூண்டு. பறவைக்கு ராத்திரி பதினொரு மணிக்குத்தான் இருட்டுகிறது. நீண்ட பகல் என்று அதன் உடல் தவறாகக் கணக்குப் போட்டு, உதிர்வையும் இனப்பெருக்க வேகத்தையும் தாறுமாறாகத் தூண்டிவிடும். 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். மருந்துக்கும் சத்துக்கும் செலவழிப்பவர்கள்கூட இதை யோசிப்பதில்லை. செலவில்லாத வைத்தியத்துக்கு மதிப்பில்லையோ என்னவோ. கூடவே, கூட்டுப்பெட்டியோ துணிக்கூடாரமோ கூண்டில் இருந்தால் எடுத்துவிடுங்கள். இறகும் முளைத்து முட்டையும் இடுவது அந்தச் சின்ன உடம்புக்குத் தாங்காது.

குளிப்பாட்டுவதில் இரண்டு வகைத் தவறு: பறவைக்குச் சளி பிடிக்கும் என்று தண்ணீரே காட்டாமல் இருப்பது, அல்லது பிடித்து நனைப்பது. ஒரு தட்டையான பாத்திரத்தில் அறை வெப்பத் தண்ணீரைக் காலை வேளையில் வையுங்கள். இறங்க மறுத்தால் தலைக்கு மேலே தூறல்போல் தெளியுங்கள். உறை இளகி அரிப்பு குறையும். சோப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு உடல் சூட்டைக் காக்காது. ஹேர் டிரையரும் கூடாது. சிலவற்றின் உட்பூச்சு சூடேறி வெளிவிடும் ஆவி பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். இறகு குறைந்த பறவைக்குக் குளிர் சீக்கிரம் உறைக்கும். ஏசி காற்று நேராகப் படும் இடத்திலிருந்து கூண்டை நகர்த்திவிடுங்கள்.

எல்லாவற்றையும் உதிர்வின் தலையில் போடுவது

உதிர்வில் பறவை கொஞ்சம் மந்தமாகும், கூடுதலாகத் தூங்கும், சத்தம் குறையும். சாப்பாடு குறையாது. சாப்பிடாமல் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்கினால், எச்சத்தின் நிறமோ அளவோ மாறினால், அது உதிர்வல்ல, நோய். காத்திருக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். சிலிர்த்த இறகு மெலிந்த உடலை மறைத்துவிடும் என்பதால் கண்ணை நம்பாமல், கிராம் காட்டும் சமையலறைத் தராசில் வாரம் இருமுறை, தீனி வைக்கும் முன் காலையில் நிறுத்துக் குறித்துவையுங்கள். 50 கிராம் இருந்தது 45-க்கு வந்தால் பத்து சதவீதம் போய்விட்டது. மருத்துவரிடம் போகும்போது அந்த எடைக் குறிப்பையும், கூண்டுத் தட்டில் விரித்திருந்த காகிதத்தை எச்சத்தோடு அப்படியேயும், அன்று விழுந்த ஓரிரு இறகுகளையும் எடுத்துப் போங்கள்.