ஈஸ்ட் குரோமோசோமில் மரபணு தேடுவது எப்படி?

ஒரு முழு குரோமோசோமின் டிஎன்ஏ வரிசை முதன்முதலில் வாசிக்கப்பட்டது ஈஸ்ட்டில்தான். 1992இல் வெளியான அந்த மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 3,15,000 எழுத்துகள் (ஏ, டி, ஜி, சி என்னும் டிஎன்ஏ அலகுகள்). ஐரோப்பிய ஆய்வகங்கள் பல அதைப் பங்கு போட்டு வாசித்து, துண்டுகளின் ஓரங்கள் ஒத்துப்போகும் இடங்களில் ஒட்டின. அந்த உழைப்பு நமக்கு மிச்சம்.

படி 1: ஈஸ்ட் மரபணுத் தகவல்களைத் தொகுத்து வைத்திருக்கும் சாக்கரோமைசிஸ் ஜீனோம் டேட்டாபேஸ் தளத்திலிருந்து மூன்றாம் குரோமோசோம் வரிசையை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

படி 2: அதை என்சிபிஐ என்ற அமெரிக்க உயிரித் தகவல் மையத்தின் ஓஆர்எஃப் ஃபைண்டரில் இடுங்கள். ஓஆர்எஃப் என்பது நிறுத்தக் குறி குறுக்கிடாமல் ஓடும் எழுத்துத் தொடர். ஒரு தடவைக்கு 50,000 எழுத்துகள்தான் ஏற்கும். அடுத்தடுத்த துண்டுகளில் சில ஆயிரம் எழுத்துகள் பொதுவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடத்திலுள்ள மரபணு இரண்டாகிவிடும். எந்த எழுத்துகள் எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்று சொல்லும் மரபுக் குறியீடுகளின் பட்டியலில் 'ஆல்டர்னேட்டிவ் ஈஸ்ட்' என்று ஒன்று கண்ணில் படும். ஈஸ்ட் என்றதும் அதைச் சொடுக்கிவிடாதீர்கள்! அது கேண்டிடா என்ற வேறு ஈஸ்ட் வகைகளுக்கானது. நமக்கு வேண்டியது முதலாவது, 'ஸ்டாண்டர்ட்'.

குறைந்தபட்ச நீளம் 300 எழுத்துகள், அதாவது 100 கோடான்கள் (மூன்றெழுத்துக் குறிகள்). ஏன் இவ்வளவு? 64 கோடான்களில் டிஏஏ, டிஏஜி, டிஜிஏ மூன்றும் புரதம் இங்கே முடிகிறது என்னும் நிறுத்தக் குறிகள். எழுத்துகள் தற்செயலாக அமைந்த வரிசையில் சராசரியாக 21 கோடான்களுக்கு ஒரு நிறுத்தம் வந்துவிடும். நூறு கோடான்கள் தடையின்றி ஓட நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. ஆகவே அப்படி ஓடுவது மரபணுவாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதற்கு மேல் இப்போதைக்குப் பேசக்கூடாது. இந்த வரம்பு சிறியவற்றைத் தவறவிடும்: நான்காம் குரோமோசோமிலுள்ள எம்எஃப்ஏ1 மரபணு தரும் புரதத்தில் வெறும் 36 அமினோ அமிலங்கள். இன்ட்ரான் (நடுவில் வந்து பின்னர் வெட்டி நீக்கப்படும் பகுதி) உள்ள மரபணுக்களையும் இந்தக் கருவி முழுதாகக் காட்டாது.

படி 3: கிடைத்த புரத வரிசைகளை பிளாஸ்ட் என்ற தேடல் கருவி மூலம் ஏற்கெனவே தெரிந்த புரதங்களோடு ஒப்பிடுங்கள். லியூசின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்க உதவும் லியு2 மரபணு தென்பட்டால் சரியான பாதையில் போகிறீர்கள். அதன் முறைப்பெயர் ஒய்சிஎல்018டபிள்யூ: ஒய் ஈஸ்ட், சி மூன்றாம் குரோமோசோம், எல் இடக்கை, 018 சென்ட்ரோமியரிலிருந்து (குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடம்) எண்ணிய வரிசை, டபிள்யூ டிஎன்ஏயின் இரண்டு இழைகளில் ஒன்றான வாட்சன் இழை.

படி 4 ஆய்வகத்தில்தான் முடியும். மரபணுவைச் சிதைத்துவிட்டு ஈஸ்ட் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். லியு2 போனால் லியூசின் இல்லாத வளர்ப்பு ஊடகத்தில் ஈஸ்ட் வளராது. எல்லாம் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. 1992இல் கண்ட 182 ஓஆர்எஃப்களில் 37 மட்டுமே முன்பே அறிந்த மரபணுக்கள். சிதைத்துப் பார்த்த 55 புதியவற்றில் உயிருக்கு இன்றியமையாதவை மூன்றே.