நெஞ்சில் கட்டிய சளியை வலிக்க வலிக்க இருமாமல் வெளியேற்றுவது எப்படி?

நெஞ்சில் சளி கட்டிவிட்டால் அடிவயிறு வலிக்கும்வரை இருமுகிறோம். தொண்டை புண்ணாகிறதே தவிர, சளி இருந்த இடத்திலேயே கிடக்கிறது. மூச்சுக்குழாய் தன்னை எப்படிச் சுத்தம் செய்துகொள்கிறது என்று தெரிந்தால் அதற்கு ஒத்தாசையாக மூச்சு விடலாம்.

உள்ளே போகும் காற்றை மூக்கு சூடாக்கி, ஈரமாக்கி, பெரிய தூசியைப் பிடித்து வைக்கிறது. அதைத் தாண்டி இறங்கும் தூசியும் கிருமியும் மூச்சுக்குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் கோழையில் ஒட்டிக்கொள்ளும். கோழைக்கு அடியில், மெல்லிய நீர்ப்படலத்தில் குறுயிழைகள் எனும் நுண்ணிய மயிரிழைகள் நிற்கின்றன. ஒரு செல்லுக்குச் சுமார் 200. ஒவ்வொன்றின் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடித்து, கோழையை நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். நுரையீரலின் அடியில் உள்ள காற்றறைகளில் குறுயிழை கிடையாது. அங்கே கிருமிகளை விழுங்கும் செல்கள் காவல் நிற்கின்றன.

புகையிலைப் புகை குறுயிழைகளை முடக்கும். ஜலதோஷக் கிருமிகள் அந்தச் செல்களையே உதிர்த்துவிடும். அவை மறுபடி வளரச் சில வாரம் ஆகும் என்பதால்தான் காய்ச்சல் போன பிறகும் இருமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. குறுயிழைகளால் முடியாதபோது உடம்பு கையில் எடுப்பது இருமல்.

ஆனால் இருமலுக்கு ஒரு குறை உண்டு. பெரிய மூச்சுக்குழாய்களைக் குருத்தெலும்பு தாங்கிப் பிடிக்கிறது. நுண்ணிய கிளைகளுக்கு அந்தத் தாங்கல் இல்லை. முழு பலத்தோடு இருமும்போது அந்தக் கிளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். சளி அவற்றுக்குப் பின்னால் சிக்கிவிடும். எனவே சளிக்குப் பின்னால் முதலில் காற்றைக் கொண்டுபோக வேண்டும். பிறகு குரல்வளையைத் திறந்தே வைத்து 'ஹா' என்று ஊதித் தள்ள வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் கற்றுத்தரும் முறை இதுதான்.

நிமிர்ந்து உட்காருங்கள், தோள்களைத் தளர விடுங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம். அரை நிமிடம் சாதாரணமாக, வயிறு மெல்ல ஏறி இறங்கும்படி மூச்சு விடுங்கள். அடுத்து மூக்கு வழியாக மெதுவாக ஆழ்ந்து இழுத்து, 3 நொடி நிறுத்தி, அழுத்தாமல் விடுங்கள். இதை மூன்று நான்கு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், தலை சுற்றும். அந்த 3 நொடியை விட்டுவிடாதீர்கள்: அடுத்தடுத்த காற்றறைகளுக்கு இடையே நுண்துளைகள் உண்டு; அடைபடாத அறையிலிருந்து காற்று கசிந்து அடைப்புக்குப் பின்னால் போய்ச்சேர அந்த நேரம் வேண்டும். மறுபடி அரை நிமிடம் சாதாரண மூச்சு.

இப்போது ஊதல். நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, வாயை 'ஓ' என்று திறந்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல், ஆனால் இன்னும் நீளமாக, வயிற்றை உள்ளிழுத்தபடி ஊதுங்கள். தொண்டையில் உரசல் சத்தம் வந்தால் குரல்வளை இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஊதலின் கடைசியில் கரகரப்பு கேட்டால் சளி இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கேட்டால் மேலே வந்துவிட்டது. அப்போது முழு மூச்சு இழுத்து, குட்டையாக வேகமாக ஊதி, ஒரே ஒரு இருமல். துப்பிவிடுங்கள்.

தொடர்ந்து இரண்டு ஊதலுக்கு மேல் வேண்டாம். சாதாரண மூச்சுக்குத் திரும்பிச் சுற்றை முதலிலிருந்து தொடங்குங்கள். பத்து, இருபது நிமிடம் போதும். இரண்டு சுற்று சளியில்லாமல் போனால் நிறுத்திவிடலாம். ஊதும்போது வீசிங் வந்தால் அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கோழையில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடம்பு வறண்டால் அது பசைபோல் ஒட்டும். தாகம் எடுக்க விடாதீர்கள். குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிய வைத்து ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். கிடைக்கும் பலன் சொற்பம், வெந்துபோகும் ஆபத்து பெரியது.

சளியின் பச்சை நிறம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியால் வருவது. அதை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டாம். சளியில் ரத்தம், சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரிப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அதிலும் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.